‘தூக்குல போடணும்’ என்று நானும் சொன்னேன். சரியா? மேல்மலை, கீழ்மலை நண்பர்கள் சொல்லுங்கள்

பூம்பாறைப் பூண்டு (இழையைத் தொடங்கியவர்) – செவ்வாய், இரவு 8.40

நேற்றுக் காலை வடுகபட்டி மண்டியில் இருந்தேன். என் மூட்டை ஏலத்துக்கு வர நேரம் இருந்ததால் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். டிவியில் ஏதோ ஒரு சிறுமி கொலை வழக்கு. எந்த ஊர் என்றுகூடக் கவனிக்கவில்லை. தராசுக்காரர், லோடுமேன்கள், தேனியிலிருந்து வந்த வியாபாரி என்று கடையில் இருந்த அத்தனை பேரும், “இவனுக்கெல்லாம் ஜெயில்ல சோறு போடக் கூடாது, தூக்குல போடணும்” என்றார்கள். நானும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அடுக்கம் வழியாக பிக்கப்பில் திரும்பி ஏறும்போது டிரைவர் தம்பி கேட்டான்: “அண்ணே, அவன்தான் செஞ்சான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” “போலீஸ் பிடிச்சிருக்காங்கல்ல” என்றேன். சிரித்துக்கொண்டே கியரை மாற்றினான். வேறு எதுவும் பேசவில்லை. பெருமாள்மலை வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு மனசை விட்டுப் போகவில்லை.

தூக்குத் தண்டனை வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால், தப்பான ஆளைத் தூக்கில் போட்டுவிட மாட்டோம் என்று எப்படி நம்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டை போட வரவில்லை.

மேல்மலை மைனர் – செவ்வாய், இரவு 8.52

தூக்கு எதற்கு அண்ணே? கருணை மனு, அது இது என்று இருபது வருடம் இழுப்பார்கள். ஐதராபாத்தில் செய்தார்களே, அதுதான் சரி. ஒரே நாளில் கணக்கு முடிந்தது.

வத்தலக்குண்டு வக்கீல் – செவ்வாய், இரவு 9.15

தம்பி, அந்தக் கணக்கு முடியவில்லை. 2019 டிசம்பரில் ஒரு பெண் டாக்டர் கொலை வழக்கில் பிடித்து வைத்திருந்த நாலு பேரைப் போலீஸ் சுட்டது, ஜனங்கள் போலீஸ்காரர்கள் மேல் பூப் போட்டார்கள். அதெல்லாம் சரி. உச்ச நீதிமன்றம் வைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியே வந்ததே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. போலீஸ் சொன்ன கதையை நம்ப முடியாது, கொல்ல வேண்டும் என்றே சுட்டிருக்கிறார்கள், சம்பந்தப்பட்ட 10 போலீஸ்காரர்கள் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. செத்த நாலு பேரும் குற்றவாளிகள்தானா என்று எந்தக் கோர்ட்டும் கடைசிவரை விசாரிக்கவில்லை. இனி விசாரிக்கவும் முடியாது.

மட்டுறுத்துநர் – செவ்வாய், இரவு 9.20

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்கள், குழந்தைகளின் பெயரை யாரும் எழுத வேண்டாம். சட்டப்படியே குற்றம். சாதிப் பெயரை வைத்துச் சண்டையும் வேண்டாம். மற்றபடி பேசுங்கள்.

தாண்டிக்குடி காப்பி – செவ்வாய், இரவு 9.48

நான் தூக்கு வேண்டும் என்கிற கட்சி. மைனர் மாதிரி வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் காரணத்தோடு சொல்கிறேன்.

நம் மாநிலத்தில் ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் இல்லை. அண்ணா பிறந்தநாள் வந்தால் கொஞ்சம் பேர் வெளியே, எம்ஜிஆர் நூற்றாண்டு வந்தால் கொஞ்சம் பேர் வெளியே. மேலூர் பக்கம் மேலவளவில் 1997ல் பஞ்சாயத்துத் தலைவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை வாங்கியவர்களில் 13 பேரை 2019ல் ஒரே நேரத்தில் விட்டார்கள். செத்த ஆறு பேரின் வீட்டுக்காரர்கள் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள் என்று யோசியுங்கள். ‘உயிரை எடுக்க அரசுக்கு உரிமை இல்லை’ என்று பேசுவது ஈசி. எடுக்கப்பட்ட உயிருக்கு யார் கணக்குச் சொல்வது?

பூம்பாறை அண்ணன் கேட்டது, தப்பான ஆள் மாட்டினால் என்ன என்று. அதற்குத்தான் மூணு கோர்ட் இருக்கிறது, ஜனாதிபதி இருக்கிறார். போதாதா?

குறிஞ்சி வாத்தியார் – செவ்வாய், இரவு 10.05

அம்மாடி, நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொலையில் கொடியவர்களை அரசன் ஒறுப்பது, பயிரைக் காக்க உழவன் களை எடுப்பது போல என்று குறளே சொல்கிறது. இது நம் மரபிலேயே உள்ளதுதான், வெள்ளைக்காரன் கொண்டுவந்ததல்ல.

மன்னவனூர் கேரட் – புதன், காலை 6.10

வாத்தியாரய்யா, நான் களை எடுக்கிறவன். அதனால் ஒரு வார்த்தை. கேரட் முளைத்த புதிதில் வயலைப் பார்த்திருக்கிறீர்களா? கேரட் புல் என்று சொல்கிற பார்த்தீனியமும் அதே மாதிரிதான் முளைக்கும். இலை அச்சு அசல் அதே. களை எடுக்க வருகிற பெண்கள் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து, விரலால் பிரித்துப் பார்த்துத்தான் பிடுங்குவார்கள். நாள் கூலிக்கு வந்த புது ஆள் என்றால் கைப்பிடியாகப் பிடுங்கிவிடும். களையோடு கேரட்டும் வந்துவிடும். திரும்ப நட்டால் பிழைக்காது, வேர் இரண்டாகப் பிளந்துகொண்டு வளரும், மண்டியில் எடுக்க மாட்டான்.

களை எடுக்கலாம் என்று குறள் சொல்வது சரி. எடுக்கிற கையைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

குறிஞ்சி வாத்தியார் – புதன், காலை 6.32

நாற்பது வருடம் அந்தக் குறளை நடத்தியிருக்கிறேன். பார்த்தீனியம் பற்றி ஒரு பையனும் கேட்டதில்லை. நன்றாகச் சொன்னாய் தம்பி.

வத்தலக்குண்டு வக்கீல் – புதன், காலை 7.25

மூணு கோர்ட் போதாதா என்று காப்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இன்று எனக்குக் கேஸ் பதினொரு மணிக்குத்தான்.

முதலில் நம் மலையடிவாரத்து வழக்கு. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே, சாதி மாறிக் கல்யாணம் செய்த பையனைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். கேமராவில் பதிவாகி நாடே பார்த்தது. பெண் பழனிக்காரர். 2017 டிசம்பரில் திருப்பூர் கோர்ட், பெண்ணின் அப்பா உள்பட 6 பேருக்குத் தூக்கு என்றது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அப்பாவை விடுதலை செய்தது. மற்ற 5 பேருக்கும் தூக்கை ஆயுளாக மாற்றி, 25 வருடத்துக்குச் சலுகை கிடையாது என்றது. அதே காகிதம், அதே சாட்சி. ஒரு கோர்ட் ‘இவர் சாக வேண்டும்’ என்கிறது, அடுத்த கோர்ட் ‘இவர் வீட்டுக்குப் போகலாம்’ என்கிறது. எது சரி என்பதில் உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் இருக்கிறது. அதை விடுங்கள். நடுவில் ஆயுள், பத்து வருடம் என்று எத்தனையோ படி இருக்க, இரண்டு கோர்ட்டும் இரண்டு கோடியில் நிற்பதைப் பாருங்கள்.

அடுத்தது ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1998 ஜனவரியில் தடா (தீவிரவாதத் தடுப்புச் சட்டம்) கோர்ட் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. ஒருவர் விடாமல் 26 பேருக்கும். 1999ல் உச்ச நீதிமன்றத்தில் அது 4 ஆனது, 3 பேருக்கு ஆயுள், 19 பேர் வெளியே வந்தார்கள். நளினிக்கு 2000ல் ஆயுளாகக் குறைந்தது. பேரறிவாளன் உள்பட மற்ற மூவரைத் தூக்கிலிட 2011 செப்டம்பர் 9 என்று நாளே குறித்துவிட்டார்கள். பத்து நாள் முன்னால் உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2014ல் அந்தத் தூக்கும் போனது. 2022ல் எல்லோரும் வெளியே. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013ல் என்ன சொன்னார் தெரியுமா? வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்காக என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்ன பகுதியை நான் எழுதாமல் விட்டுவிட்டேன் என்றார். எழுதாமல் விட்டது அந்தக் கொஞ்சம்தான். அப்போதைய தடா சட்டத்தில் எஸ்பி பதவியில் இருந்தவர் எழுதிய வாக்குமூலம் அப்படியே சாட்சியம் ஆனது. மற்ற வழக்குகளில் போலீசிடம் சொல்வது செல்லாது.

இன்னொன்று. ஒரே கொலை வழக்கில் ஒரே மாதிரி பங்கெடுத்ததாக மூணு பேருக்குத் தூக்கு: ஜீதா சிங், கஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங். மூவரும் தனித்தனியாக மேல்முறையீடு போனார்கள், தனித்தனி நீதிபதிகள் முன் வந்தது. கஷ்மீரா சிங்குக்கு ஆயுளாகக் குறைந்தது. ஜீதா சிங்கை 1981 அக்டோபரில் தூக்கில் போட்டுவிட்டார்கள். ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் இதை எடுத்துச் சொல்லித் தப்பினார். சொல்கிற ஆள் இல்லாததால் போன உயிர் அது.

அப்புறம் 2019 மார்ச். மகாராஷ்டிரத்தில் நாடோடிக் குடியைச் சேர்ந்த 6 பேர் வழக்கு. 2009ல் அவர்களுக்குத் தூக்கு என்று சொன்ன அதே உச்ச நீதிமன்றம், பத்து வருடம் கழித்து ‘இவர்கள் நிரபராதிகள்’ என்றது. ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது.

மேலே போகப் போகச் சலித்துச் சுத்தமாகும் என்பது உங்கள் நம்பிக்கை. சல்லடையே ஊருக்கு ஒரு மாதிரி கண்ணாக இருக்கிறது என்பது என் அனுபவம். கீழ்க் கோர்ட்டுகள் விதிக்கும் தூக்கில் நூற்றுக்கு 5கூடக் கடைசிவரை நிற்பதில்லை.

தாண்டிக்குடி காப்பி – புதன், காலை 8.02

சார், நீங்கள் சொன்ன ஒவ்வொரு கேசிலும் கடைசியில் தப்பு திருத்தப்பட்டிருக்கிறதே. ஜீதா சிங்கைத் தவிர. அப்படியென்றால் முறை வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

ஆயுள் தண்டனை பற்றி நான் கேட்டதை விட்டுவிட்டீர்கள்.

வத்தலக்குண்டு வக்கீல் – புதன், காலை 8.10

ஜீதா சிங்கைத் தவிர என்றீர்களே, என் மொத்த வாதமும் அந்த ‘தவிர’தான் அம்மா.

ஆயுளைப் பற்றி: 2008ல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் புது வழி ஒன்று காட்டியது. தூக்குக்குப் பதில், சாகும்வரை அல்லது இத்தனை வருடம்வரை சலுகையே கிடையாது என்று விதிக்கலாம். 2015ல் அரசியல் சாசன அமர்வும் அதைச் சரி என்றது. உடுமலை வழக்கில் அந்த 25 வருடம் இப்படி வந்ததுதான். அந்த 25 வருடத்துக்குள் சட்டத்தில் உள்ள சாதாரணச் சலுகை எதிலும் அவர்களை விட முடியாது. மேலவளவு விடுதலை தப்பு என்பதில் உங்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். அது அரசு செய்தது. அதற்காகக் கயிறு கேட்பானேன்?

கொடை மழை – புதன், மதியம் 1.30

கொடைக்கானலில் இருந்துகொண்டு தர்மபுரியை யாரும் சொல்லவில்லையே, ஆச்சரியம். அந்த நெருப்பு கிளம்பியது நம் ஊர் ஓட்டலிலிருந்து அல்லவா? பிளசன்ட் ஸ்டே ஓட்டலுக்கு விதியை மீறி மாடி கட்ட அனுமதி கொடுத்த வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று ஜெயலலிதாவுக்கு ஒரு வருடத் தண்டனை. அன்றே தர்மபுரி இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக பஸ்ஸை எரித்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே கருகினார்கள். நான் அப்போது அதே பல்கலைக்கழகத்தில் வேறு வகுப்பு. விடுதியில் அன்று இரவு யாரும் சாப்பிடவில்லை என்பது மட்டும்தான் இன்றும் ஞாபகம். மற்றதெல்லாம் பேப்பரில் படித்ததோடு கலந்துவிட்டது.

மூணு பேருக்கு 2007ல் தூக்கு. உயர் நீதிமன்றமும் சரி என்றது. 2010ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. 2016ல் அதே உச்ச நீதிமன்றம், கூட்டத்தோடு கூட்டமாக வெறியில் செய்தது, செத்த பெண்கள் மேல் பகை எதுவும் இல்லை என்று ஆயுளாக மாற்றியது. 2018 நவம்பரில் வெளியே வந்துவிட்டார்கள். ஓட்டல் வழக்கில் தண்டனையும் 2001லேயே உயர் நீதிமன்றத்தில் ரத்தாகிவிட்டது.

அந்த மூணு பேருக்குத் தூக்கு வேண்டும் என்று நான் அன்று கத்தியவன். இன்று கேட்டால் தூக்கு வேண்டாம் என்பேன். 2018ல் விட்டதைப் பார்த்து வந்த கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. இரண்டும் ஒரே மனசில் எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். இருக்கிறது.

மேல்மலை மைனர் – புதன், மதியம் 2.15

எல்லாம் சரி. பயம் வேண்டாமா? தூக்கு இல்லை என்றால் நாளைக்கே வெட்டுக் குத்து கூடிப்போகும்.

வத்தலக்குண்டு வக்கீல் – புதன், மாலை 6.40

தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கில் போட்டது ஆட்டோ சங்கரை. சேலம் சிறையில், 1995 ஏப்ரல் 27. அதற்குப் பிறகு இன்றுவரை நம் மாநிலத்தில் ஒருவரையும் போடவில்லை. இந்த நூற்றாண்டில் இந்தியா முழுக்கவே 8 பேர்தான்: 2004ல் ஒருவர், 2012ல், 2013ல், 2015ல் ஒவ்வொருவர், 2020 மார்ச்சில் டெல்லியில் நாலு பேர். தூக்கு குறைந்தால் கொலை கூடியிருக்க வேண்டும் அல்லவா? சட்ட ஆணையத்தின் 262வது அறிக்கையைப் பாருங்கள்: லட்சம் பேருக்கு 1992ல் 4.6 ஆக இருந்த கொலை 2013ல் 2.7 ஆகக் குறைந்திருக்கிறது. 2015ல் வந்த அறிக்கை அது. தீவிரவாதம், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது தவிர மற்றதற்குத் தூக்கை எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. அரசு எடுக்கவில்லை. 2024 ஜூலையில் புதுச் சட்டங்கள் வந்தபோதும் தூக்கு அப்படியேதான் இருக்கிறது. கொலைக்கான பிரிவு 302 என்பது 103 ஆனதுதான் மிச்சம்.

பெருமாள்மலை ரிட்டயர்டு – புதன், இரவு 8.30

நான் காவல் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், பல ஊர் பார்த்தாயிற்று. இதுவரை எல்லோரும் பேசியதைப் படித்தால் போலீஸ்காரன் எல்லாம் பொய் வழக்கு எழுதவே பிறந்தவன் மாதிரி இருக்கிறது. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

ராத்திரி ஒரு மணிக்குப் பிணம் கிடக்கிறது என்று தகவல் வரும். மேல்மலையில் பனி. முன்னால் ஜீப் போனால் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. பிணத்தை நரி இழுக்காமல் காவல் இருக்க வேண்டும், டாக்டர் வேண்டும், மோப்ப நாய் திண்டுக்கல்லில் இருந்து வர வேண்டும். அதற்குள் மழை வந்தால் கால் தடம், ரத்தம் எதுவும் இருக்காது. காலையில் மகஜருக்கு, அதாவது இடத்தில் பார்த்ததையும் எடுத்ததையும் எழுதும் காகிதத்துக்கு, சாட்சிக் கையெழுத்து வேண்டும். ஊரில் ஒருவர் வர மாட்டார். கதவைச் சாத்திக்கொள்வார்கள். “நாளைக்குச் சம்மன் வரும், எவன் கீழே இறங்குறது” என்பார்கள். அதுவும் உண்மைதான். மன்னவனூரில் இருந்து திண்டுக்கல் கோர்ட்டுக்குப் போய்வர ஒரு நாள் கூலி போச்சு, அன்றைக்கு வாய்தா போட்டால் இன்னொரு நாளும் போச்சு. சாட்சிப் படி டீச்செலவுக்குக் காணாது. அதனால் வி.ஏ.ஓ.வையும் தலையாரியையும் தேடி ஓடுவோம். அவர்களும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? கையெழுத்து இல்லை என்று கொலைகாரனை விட்டுவிடலாமா?

இப்போது சட்டம் மாறிவிட்டது. சோதனை போடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். நல்லதுதான். நாங்கள் இருந்தபோது அது இல்லை.

பூம்பாறைப் பூண்டு – புதன், இரவு 9.55

ஏட்டு ஐயா, உங்கள் பதிவைப் படித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. டிரைவர் தம்பி சிரித்தது ஏன் எனக்கு உறுத்தியது என்று நேற்று நான் சொல்லவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். பக்கத்து ஊரில் ஒரு கொலை. தோட்டக் கூலி ஒருவரைப் பிடித்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் என்னையும் டீக்கடைக்காரரையும் ஸ்டேஷனுக்கு ஜீப்பில் கூட்டிப் போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று நானும் சொல்லப்போவதில்லை. மேஜை மேல் செய்தித்தாளில் சுற்றிய அரிவாள். பக்கத்தில் எழுதி முடித்த காகிதம். “இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்து. உங்களுக்கு ஒண்ணும் வராதுண்ணே” என்றார்கள். போட்டேன். அந்த ஆள் எங்களை ஒரு தைலமரக் காட்டுக்குக் கூட்டிப் போய், மரத்தடியில் சருகைத் தள்ளி, அரிவாளை எடுத்துக் கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

இரண்டு வருடம் கழித்துச் சம்மன் வந்தது. கோர்ட் வாசலில் வைத்து என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கூண்டில் ஏறி, “ஆமா, என் முன்னாடிதான் எடுத்துக் குடுத்தாரு” என்றேன். அந்த ஆளுக்கு இலவசச் சட்ட உதவியில் வந்த வக்கீல், சின்னப் பையன். குறுக்கு விசாரணையில் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. “அன்னைக்கு மழை பெஞ்சுதா?” என்றான். “இல்லை” என்றேன். சரி உட்காருங்கள் என்று விட்டுவிட்டான்.

அந்த வாரம் முழுக்க மழை. பூண்டு அழுகிப் போய் நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த வாரம் அது. எனக்கு எப்படி மறக்கும்? ஆனாலும் ‘இல்லை’ என்று வந்துவிட்டது. மழை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வருமோ என்ற பயம்தான்.

அந்த ஆளுக்கு ஆயுள். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. இப்படிக் கையெழுத்துப் போட்டவன்தான் மண்டியில் உட்கார்ந்து ‘தூக்குல போடணும்’ என்று சத்தம் போட்டான்.

வத்தலக்குண்டு வக்கீல் – புதன், இரவு 10.20

அண்ணே, தைரியமாக எழுதியிருக்கிறீர்கள்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஒரு விதிவிலக்கு உண்டு: அவன் சொல்லித்தான் ஒரு பொருள் கிடைத்தது என்றால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27வது பிரிவு. நாங்கள் ‘ட்வென்டி செவன் ரெக்கவரி’ என்போம். கண்ணால் பார்த்த சாட்சி இல்லாத கொலை வழக்குகளில் பாதிக்கு மேல் பாரம் இதன் தலையில்தான் நிற்கும். பூம்பாறை அண்ணன் போட்ட கையெழுத்து அதற்கு முட்டுக் கொடுத்த கட்டை. ஆயுளுக்குத் தனி மகஜர், தூக்குக்குத் தனி மகஜர் என்று கிடையாது. எழுதுகிற கையும் ஒன்று, கையெழுத்துப் போடுகிறவரும் ஒருவர்.

பயமுறுத்தச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளுங்கள்: தூக்குக் கிடைக்கக்கூடிய குற்றத்தில் மாட்டிவிட வேண்டும் என்றே பொய்ச்சாட்சி சொல்லி, நிரபராதி ஒருவர் தூக்கிலேறிவிட்டால், பொய்ச்சாட்சி சொன்னவருக்கே தூக்கு விதிக்கலாம். பழைய சட்டத்தில் 194, இப்போது 230.

பெருமாள்மலை ரிட்டயர்டு – புதன், இரவு 10.41

அரிவாள் உண்மையிலேயே அந்த ஆள் காட்டித்தான் கிடைத்திருக்கும் தம்பி. அப்போது சாட்சி யாரும் உடன் இல்லாததால் பின்னால் உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள். அப்படித்தான் நடக்கும்.

பூம்பாறைப் பூண்டு – புதன், இரவு 10.46

இருக்கலாம் ஐயா. எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி சொன்னேன்.

தாண்டிக்குடி காப்பி – வியாழன், காலை 5.50

ராத்திரி படித்துவிட்டுப் பதில் எழுத முடியவில்லை. எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பாவை வேலித் தகராறில் வெட்டினார்கள். காப்பித் தோட்டத்துக்குள், பழம் பறிக்கிற நேரம். வேலைக்கு வந்திருந்த நாலு பேர் பார்த்தார்கள். போலீஸ் ஆளைப் பிடித்தது, கத்தி எடுத்தது, மகஜர் எழுதியது. ஆறு வருடம் நடந்தது. எத்தனை வாய்தா என்று சித்தி ஒரு காலண்டர் பின்னால் கோடு போட்டு வைத்திருந்தது. 43. பார்த்த நாலு பேரில் ஒருவர் செத்துப் போனார், ஒருவர் கேரளா போனார், இரண்டு பேர் கூண்டில் ஏறி ‘நான் ஒண்ணும் பாக்கலை’ என்றார்கள். மகஜர் சாட்சி இரண்டு பேரும் பிறழ்ந்தார்கள். ஸ்டேஷனில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டோம் என்று சொன்னார்கள். பூம்பாறை அண்ணன் சொல்லியிருக்க வேண்டியதை அவர்கள் சொன்னார்கள். சித்தப்பாவை வெட்டியவன் விடுதலை ஆனான்.

ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் இன்றைக்கும் அவனைப் பார்க்கிறேன். சீட் இல்லை என்றால் அவனே எழுந்து என் சித்திக்கு இடம் விடுவான். சித்தி நின்றுகொண்டே வரும்.

இப்போது சொல்லுங்கள், அந்த மகஜர் சாட்சிகள் உண்மையைச் சொன்னார்களா, காசு வாங்கினார்களா? எங்களுக்குத் தெரியாது. அதே கையெழுத்து, ஒரு ஊரில் ஒருவரை உள்ளே தள்ளுகிறது, இன்னொரு ஊரில் ஒருவனை வெளியே விடுகிறது. நான் தூக்கு கேட்பது இதனால்தான் என்று நினைத்திருந்தேன். ராத்திரி முழுக்க யோசித்தால், எங்கள் வழக்கில் தூக்குவரை போகவே இல்லை. முதல் படியிலேயே விழுந்துவிட்டது. ஆனாலும் என் கருத்து மாறிவிட்டது என்று யாரும் எழுதாதீர்கள். மாறவில்லை.

மன்னவனூர் கேரட் – வியாழன், காலை 6.25

தங்கச்சி, வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. சித்தி நின்றுகொண்டே வரும் என்று எழுதினாயே, அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

கொடை மழை – வியாழன், காலை 9.10

சென்னைச் சிறுமி வழக்கை யாரும் எடுக்கவில்லை. 2017 பிப்ரவரியில் கொலை, 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் கோர்ட் தூக்கு, அதே வருடம் ஜூலையில் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. வேகம் வேகம் என்று எல்லோரும் பாராட்டினோம். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தூக்கு விதிக்கப்பட்டவரை விடுதலை செய்துவிட்டது. சிசிடிவி காட்சி முதல் எதையும் அரசுத் தரப்பு முறையாக நிரூபிக்கவில்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தற்காத்துக்கொள்ளச் சரியான வாய்ப்பும் கிடைக்கவில்லை என்றது. அந்தக் குழந்தையின் அப்பா அம்மாவுக்கு இனி யார் பதில் சொல்வது? 43 வாய்தா போட்டாலும் நாசம், ஒரே வருடத்தில் முடித்தாலும் நாசம்.

மேல்மலை மைனர் – வியாழன், காலை 9.30

நான் முதலில் எழுதியதை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை, பதில் வந்துவிட்டதாம். இருக்கட்டும்.

தாண்டிக்குடி காப்பி – வியாழன், மதியம் 12.40

பூம்பாறை அண்ணே, ஒன்று கேட்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை. உங்கள் வழக்கில் செத்தவர் வீட்டாரைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த உள்ளே போன ஆள் என்ன ஆனார்?

பூம்பாறைப் பூண்டு – வியாழன், இரவு 7.50

செத்தவரின் மனைவி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வருவார். தீர்ப்பு வந்த புதிதில் ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அதிலிருந்து அவர் வருகிற பக்கம் நான் கடை போடுவதில்லை.

அந்த ஆள் என்ன ஆனார் என்று தெரியாது. மேல்முறையீடு போனாரா, போட ஆள் இருந்ததா, எதுவும் தெரியாது. குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது.

வத்தலக்குண்டு வக்கீல் – வியாழன், இரவு 8.15

செஷன்ஸ் வழக்கு எண்ணும் வருடமும் கிடைத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு போனதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். போகவில்லை என்றால், சிறையில் இருப்பவருக்கு இலவசமாக மேல்முறையீடு போட்டுத்தர சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காலதாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம். ஆனால் அண்ணே, உங்கள் பெயரும் இதில் வரும். அதை யோசித்துக்கொண்டு அனுப்புங்கள். பொதுவில் எழுத வேண்டாம், தனிமடல்.

பூம்பாறைப் பூண்டு – வியாழன், இரவு 8.47

நம்பர் ஞாபகம் இல்லை. சம்மன் காகிதத்தை வீட்டுக்காரி எறிந்திருக்க மாட்டாள், அடுப்புக்கு மேல் பூண்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிற பரணில் தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. புகையில் எழுத்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் ஏறுகிறேன்.